முதலில் உங்கள் அறையைப் பாருங்கள்: கேம், பாட்டு, படம் மூன்றுக்கும் ஒரே ஹெட்போன்

வணக்கம். என் குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்கிறதா? அது மின்விசிறி. திருச்சியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை இது. மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் இங்கே பத்து நிமிடம் உட்கார முடியாது. பதிவு செய்யும்போது வழக்கமாக அதை நிறுத்திவிடுவேன். இன்று வேண்டுமென்றே ஓடவிட்டிருக்கிறேன். இன்றைய பேச்சில் இந்த மின்விசிறிக்கும் வேலை இருக்கிறது.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் வந்தான். "மாமா, ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் கேம் விளையாட, பாட்டுக் கேட்க, ராத்திரி படம் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஒரே ஹெட்போன் வேண்டும். எதை வாங்கட்டும்?" என்றான். மொபைலில் நான்கு படங்களை எடுத்து வைத்திருந்தான். நான்கிலும் விளக்கு எரிகிறது, நான்கிலும் 7.1 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நான் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. "உன் அறையில் உன்னோடு யார் இருக்கிறார்கள்? ஏசியா, மின்விசிறியா? கண்ணாடி போட்டுக்கொண்டா விளையாடுவாய்?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கும் புரியாமல் இருக்கலாம். காட்டுகிறேன்.

இதைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். காதை மூடும் இந்தக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி வலை. பின்னால் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வருகிறது. இதை ஓப்பன் பேக் என்பார்கள். முதுகு திறந்த ஹெட்போன். இன்னொன்று இதோ, முழுக்க மூடிய பிளாஸ்டிக். இது க்ளோஸ்டு பேக், முதுகு மூடியது.

ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், காதுப் பக்கம் மட்டும் ஒலி எழுப்புவதில்லை, பின்பக்கமும் அதே அளவு எழுப்புகிறது. முதுகு மூடியிருந்தால் அந்த ஒலி கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பும். திறந்திருந்தால் வெளியே போய்விடும். அதனால்தான் திறந்த ஹெட்போனில் இசை தலைக்குள் அடைபடாமல் காதுக்குச் சற்று வெளியே விரிந்து நிற்பதுபோல் இருக்கிறது. காற்றும் போய் வருவதால் காது வேர்ப்பதும் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மூன்று மணி நேரம் ரெக்சின் குஷனுக்குள் காது வெந்து கிடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் ஒலி வெளியே போகிற அதே வழியில் வெளி ஒலி உள்ளே வருகிறது. நான் வழக்கமாகக் கேட்கும் அளவிலேயே இந்தத் திறந்த ஹெட்போனில் பாட்டை ஓடவிட்டு மைக்குக்கு அருகில் வைக்கிறேன். கேட்கிறதா? ஒவ்வொரு வரியும் கேட்கிறது. இப்போது மூடியது. முணுமுணுப்பு மட்டும்தான். பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் திறந்ததைப் பயன்படுத்துவது நியாயம் இல்லை. என் அக்கா மகனின் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே அறை. அவன் பட்டியலில் திறந்த ஹெட்போன் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போனது.

அடுத்தது மின்விசிறி. திறந்த ஹெட்போன் போட்டுக்கொண்டு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால், அந்த இரைச்சலை மீறி வசனம் கேட்க வேண்டும் என்று கை தானாக ஒலியைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதற்கு வைத்திருக்கும் எல்லை 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். தினம் நான்கு மணி நேரம் விளையாடுகிறவருக்கு வாரத்தில் 28 மணி நேரம் ஆகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மின்விசிறி உரக்க ஓடும் அறையில், காதைப் பொத்தி வெளி ஒலியைக் குறைக்கும் மூடிய ஹெட்போனுக்கே என் ஓட்டு. தனி அறை, அமைதியான அறை கிடைத்தவர்கள் தயங்காமல் திறந்ததற்குப் போங்கள்.

இப்போது அந்த 7.1. சுற்றிலும் ஏழு ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்குத் தனியாக ஒன்றும் இருப்பதுபோல் கேட்கும் என்பதுதான் அதன் பொருள். பெட்டியில் இந்த எண்ணைப் பார்த்து எத்தனையோ பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. நமக்கு இருப்பது இரண்டே காது. அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் பின்னால் வரும் பஸ்ஸை, மேலே கூவும் குயிலைத் திரும்பிப் பார்க்காமலே கண்டுகொள்கிறோம். வலப்பக்கம் எழும் ஒலி இடக் காதுக்கு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் தாமதமாகப் போகிறது. தலை மறைப்பதால் சற்று மங்கியும் போகிறது. காது மடலின் மடிப்புகள் ஒலியை மாற்றும் விதத்தை வைத்து, மேலா கீழா, முன்னா பின்னா என்று மூளை முடிவு செய்கிறது. இந்த மாற்றங்களைக் கணக்கிட்டு ஒலியில் சேர்க்கும் முறைக்கு எச்.ஆர்.டி.எஃப். என்று பெயர். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்ற விளையாட்டுகளே இதைச் செய்துவிடுகின்றன. அவை தருவது இரண்டு காதுக்கான ஸ்டீரியோ ஒலி. அதன்மேல் ஹெட்செட்டின் 7.1 மென்பொருளையும் போட்டால், கணக்குப் போட்ட ஒலிக்கு மறுபடி கணக்குப் போட்டதாகிறது. பின்னால் வரும் காலடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழம்பிவிடும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டிலேயே இந்த வசதி இல்லையென்றால், விண்டோஸில் இலவசமாக இருக்கும் விண்டோஸ் சோனிக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்காகத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டாம்.

இன்னொன்றைக் காட்டாமல் போகக்கூடாது. இது நான் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹெட்செட். விளக்கு எரியும், 7.1 உண்டு. எட்டாவது மாதம் இடப்பக்கம் கேட்கவில்லை. கம்பியை இப்படி வளைத்துப் பிடித்தால் வரும், விட்டால் போய்விடும். உத்தரவாதத்தில் கேட்டபோது, கம்பி அறுந்தால் அது எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். பெயர் சொல்லப்போவதில்லை. நானே பிரித்தேன். கம்பி கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். முடியைவிட மெல்லிய இழைகள், அவற்றில் பாதி அறுந்திருக்கின்றன. அந்த இடத்தில் வளைவைத் தாங்க ஒரு ரப்பர் உறைகூட இல்லை. மற்ற எல்லாம் நன்றாக இருக்க, இந்த அரை அங்குலத்தால் மொத்தமும் வீணானது. அன்றிலிருந்து கடையில் நான் முதலில் பார்ப்பது கம்பியைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதைத்தான். முடியாது என்றால், நுழையும் இடத்தில் தடிமனான உறை இருக்க வேண்டும்.

குஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரெக்சின் குஷன் வேர்வையில் ஊறி ஓராண்டு இரண்டாண்டில் உரியும். கறுப்புத் துகள்கள் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். மாற்றுக் குஷன் கடையில் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெல்வெட் போன்ற துணிக் குஷன் சூட்டுக்கு நல்லது, ஆனால் வெளி ஒலியைத் தடுப்பது கொஞ்சம் குறையும். கண்ணாடி போடுகிறவர்கள் கடையில் ஐந்து நிமிடமாவது போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கும். அந்த இடைவெளியில் பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, ஒழுகிப் போய்விடும். அதை ஹெட்போனின் குறை என்று நினைத்துக்கொள்வோம்.

சரி, ஒலி நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? என் வழி மிருதங்கம். கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓடவிடுவேன். வலப்பக்கம் வலந்தலையில் விழும் சொற்கள் கணீர் என்று, ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும். இடப்பக்கம் தொப்பியில் கும்கி எழும்போது அந்த ஒலி வளைந்து மேலேறுவது கேட்க வேண்டும். வெறும் 'தொம்' என்று மட்டும் கேட்டால் அந்த ஹெட்போனில் பேஸ் அதிகம், தெளிவு குறைவு. பின்னாலேயே தம்புரா வந்தால் அதன் ரீங்காரம் சீறாமல் இழைய வேண்டும். வெடியும் மோதலும் நிறைந்த டிரெய்லரைப் போட்டுச் சோதிக்காதீர்கள். அதில் எந்த ஹெட்போனும் பிரமாதமாகத்தான் இருக்கும். கேமில் மெல்லிய காலடியைக் காட்டிக்கொடுப்பதும் இதே தெளிவுதான். பேஸ் பொங்கி வழிந்தால் காலடி அதில் மூழ்கிவிடும்.

ஹெட்போனின் மின்தடையைக் காட்டும் ஓம் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 32 முதல் 80 ஓம் வரை இருக்கும் பெரும்பாலான ஹெட்போன்களைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு நேரடியாக ஓட்டிவிடும். 250 ஓம் போட்டவற்றை விலை குறைந்தது என்று வாங்கிவிடாதீர்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் வேண்டும். கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் 'ஸ்ஸ்' என்று இரைந்தால் பின்பக்கம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு ஜாக் இருக்கும். ஒலிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே மொபைல் பின் கொண்ட ஹெட்செட்டுக்கு, அதை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று போதும்.

புளூடூத் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். படத்துக்குச் சரி. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வந்தால் பிளேயர் படத்தையும் அதற்கேற்பத் தாமதிக்கும். அப்படியும் உதடும் குரலும் பொருந்தவில்லை என்றால் விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகளால் நீங்களே சரிசெய்யலாம். கேமில் அது நடக்காது; நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே தெரியாது. இன்னொரு பெரிய சிக்கல், சாதாரண புளூடூத் ஹெட்போனில் மைக்கைத் திறந்தவுடன் கம்ப்யூட்டர் அதைத் தொலைபேசி முறைக்கு மாற்றிவிடுகிறது. அதுவரை விரிந்து கேட்ட ஒலி ஒற்றைக் குழாயில் வருவதுபோல் ஆகிவிடும். நண்பர்களோடு பேசிக்கொண்டு விளையாடுகிறவர்களுக்கு இது உதவாது. கம்பி வேண்டவே வேண்டாம் என்றால், கம்ப்யூட்டரில் செருகும் சின்ன யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பாருங்கள்.

படத்தில் இசை அதிர்கிறது, வசனம் கேட்கவில்லை என்பவர்கள் ஹெட்போனை மாற்றுவதற்கு முன் விண்டோஸ் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே 5.1 அல்லது 7.1 என்று இருந்தால், வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. உங்களிடம் நடு ஸ்பீக்கரே இல்லை. ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

சரி, மாடல்கள். விலை நாளுக்கு நாள் மாறுவதால் நான் தொகை சொல்லப்போவதில்லை. வாங்கும் அன்று பாருங்கள். மூடியதில் ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ். 40 எம்.எம். டிரைவர், 47 ஓம், எடை குறைவு. கம்பி 3 மீட்டர் நீளம், ஆனால் கழற்ற முடியாது. மைக் இல்லை, சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். திறந்ததில் பிலிப்ஸ் எஸ்எச்பி9500. 50 எம்.எம். டிரைவர், 32 ஓம், கம்பியைக் கழற்றலாம். அதே துளையில் மைக் பொருத்திய கம்பியைச் செருகினால் முழு ஹெட்செட் ஆகிவிடும். குஷனை எளிதில் மாற்ற முடியாது என்பது அதன் குறை. எல்லாம் ஒன்றாகவே வேண்டும் என்பவர்கள் ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் 2-ஐப் பார்க்கலாம். மைக்கைத் தனியாகக் கழற்றலாம், தலைப்பட்டை உறுதி. கனமான எதுவும் காதில் ஆகாது என்றால் 1984-இலிருந்து வரும் காஸ் போர்ட்டா ப்ரோ இருக்கிறது. ஆனால் வெளி ஒலியை அது சற்றும் தடுக்காது.

அக்கா மகன் கடைசியில் மூடிய ஹெட்போன் ஒன்றும் சட்டை மைக் ஒன்றும் வாங்கினான். நேற்று இங்கே கொண்டுவந்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேமைத் திறக்கப் போனவனை நிறுத்தி, முதலில் தனி ஆவர்த்தனத்தைக் கேட்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் அசையவில்லை. பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, "மாமா, இரண்டு கையும் தனித்தனியாகக் கேட்கிறது" என்றான். அப்போது அவன் வைத்திருந்த ஒலி அளவு, நூறுக்கு முப்பத்தைந்து.

உங்களுக்கும் யோசனை வேண்டும் என்றால் பட்ஜெட்டோடு சேர்த்து அறையையும் எழுதுங்கள். மின்விசிறியா ஏசியா, கூட யார் இருக்கிறார்கள், கண்ணாடி உண்டா, கம்ப்யூட்டரில் எத்தனை ஜாக். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன். வணக்கம்.