கப்பல் ஏறும் நாளின் பக்கம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், சனிக்கிழமை இரவில் வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு இந்தச் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தோடு போகும் கப்பல் சுற்றுலாவில் மனம் நிறைவது கடலில் கழியும் நாள்களிலா, கப்பல் ஏறும் நாளிலா? ஏறும் நாளில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "ஏறும் நாள் என்றால் வரிசை, கடப்பிதழ், கால்வலி. பெட்டிகூட சாயங்காலம்தான் கைக்கு வரும். நாம் காசு கட்டியது கடலுக்கு" என்றார். சரி, வரிசை இருக்கத்தான் செய்கிறது. அந்த வரிசையில் யார் யார் சேர்ந்து நின்றார்கள் என்பதை மட்டும் அண்ணன் சொல்லாமல் போய்விட்டார்.

பினாங்கில் ஏறுவதற்கு நம் ஊரிலிருந்து விடிவதற்குள் வேன் கிளம்பும். பாட்டி, மாமா, அத்தை, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை, எல்லாரும் ஒரே வண்டியில். தைப்பிங் தாண்டி நிறுத்திப் பசியாறும்போது அம்மா மாத்திரைப் பையை இன்னொரு தடவை திறந்து பார்ப்பார். கடப்பிதழ்கள் மாமாவிடம் இருக்கும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகுமா என்று அவர் எப்போதோ பார்த்து முடித்திருந்தாலும், மறுபடியும் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஏற முடியாத நாள் அது. தீபாவளிக்குக்கூட நம் வீடுகளில் ஆளுக்கொரு நேரத்தில் வந்து, ஆளுக்கொரு நேரத்தில் போகிறோம்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அறை எண் போட்ட சீட்டை வீட்டிலேயே பெட்டியில் கட்டிவிட வேண்டும். துறைமுக வாசலில் ஆள்கள் வாங்கிக்கொள்வார்கள். சோதனை முடிந்து அது உங்கள் அறை வாசலுக்கே வந்து சேரும். சாயங்காலம் ஆகலாம். அதனால் பாட்டியின் சர்க்கரை மாத்திரை, குழந்தைக்குப் பால்மாவு, மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சோற்றுப் பானையையும் இஸ்திரிப் பெட்டியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீப்பிடிக்கும் என்று அவற்றைக் கப்பலில் விடமாட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், அண்ணன் சொன்ன துன்பத்தில் பாதி குறைந்துவிடும். மிச்சப் பாதி குடிநுழைவு வரிசை. அங்கே பாட்டிக்கு நாற்காலி தேடி ஓடிய பேரன், வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட எழுந்திருக்காதவன். அதைப் பார்த்தவள் நான்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒன்றைச் சொல்கிறேன்: பாதுகாப்புப் பயிற்சி. எல்லாரும் அலுத்துக்கொள்ளும் நேரம் இது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அப்புறம் அதை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்பே, அல்லது புறப்பட்ட உடனே, பயிற்சி நடந்தாக வேண்டும். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல்: அந்த ஒலி கேட்டால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று குடும்பம் முழுக்கத் தெரிந்துகொள்கிறது. பல கப்பல்களில் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் அந்த இடத்தின் எண்ணையும் கட்டிவிடுகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவப் போகுமுன் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றார்களே நம் பாட்டிமார்கள், அதே மாதிரிதான் இங்கேயும் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். அங்கே கூலிக்காக எண்ணினார்கள். இங்கே ஒரு உயிரும் விட்டுப்போகக் கூடாது என்று எண்ணுகிறார்கள். எந்த நீச்சல் குளமும் எனக்கு இந்த நிம்மதியைத் தந்ததில்லை.

நடுவர் அவர்களே, பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் ஜெரெஜாக் தீவு தெரியும். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்து, டெக் பயணிகளாக வந்த நம்மவர்களில் பலரை, அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து, அங்கேதான் இறக்கித் தடுத்து வைத்தார்கள். தோட்டக் கூலிகளை உதவியோடு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. அதற்கு முன் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இந்த மண்டபத்தில் பெரும்பாலோர். 1926-இல் கட்டிய ரஜூலா என்ற கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இந்தக் கடலில் ஓடியது. அதில் ஏறிய நாளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, கரையில் விட்டுவந்தவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். தம்பியை விட்டேன், அம்மாவை விட்டேன் என்று. என் பாட்டி எங்கள் சுற்றுலாவுக்காகப் பினாங்குத் துறையில் கப்பலுக்குள் நடந்தபோது கேட்டது, "எல்லாரும் ஏறியாச்சா?" பின்னால் திரும்பிப் பார்த்தார். கரையில் நம் ஆள் ஒருவரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கப்பல் ஏறும் நாள் அழுகையில்லாமல் நடந்தது அன்றைக்குத்தான்.

கடல் நாள்களை நான் குறைத்துப் பேசவில்லை. சாப்பாடு இருக்கிறது, ஆட்டம் பாட்டம் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையிலிருந்தே பிள்ளைகள் குளத்தில், மாமா மேல்தளத்தில், அத்தை கடைகளில். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழியிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பயணத்தின் இரண்டாம் நாள் மத்தியானம் உங்கள் குடும்பத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள்? ஏறிய நாளைப் பற்றி இதே கேள்வியை என்னிடம் கேளுங்கள், நான் ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.