முட்டையைக் கழுவாதீர்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கால்நடை ஆய்வாளராகக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கோழிக்குத் தடுப்பூசி போட வீடு வீடாகப் போகும்போது, ஊசி போட்டு முடித்ததும் வீட்டுப் பெண்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள்: "முட்டை எத்தனை நாள் கெடாம இருக்கும் சாரே?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று விரிவாகப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு இப்போது குறைவு. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அந்தப் பெட்டி வெறும் அலமாரிதான். மலையோரக் குடியிருப்புகளில் பலருக்கு எல்லா நாளும் அப்படித்தான். ஆகவே பெட்டியை நம்பாமல் முட்டையைக் காக்கத் தெரிந்திருப்பது எல்லோருக்கும் தேவை.

முதலில் முட்டையையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். கோழி முட்டையிடும் நேரத்தில் அருகில் இருந்தால் கவனியுங்கள். வெளியே வரும்போது முட்டை ஈரமாகப் பளபளக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு காய்ந்து மங்கிவிடும். காய்ந்து ஒட்டிக்கொள்ளும் அந்த மெல்லிய படலம்தான் முட்டையின் காவல். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அடைகாக்கும்போது குஞ்சு மூச்சு விடுவதற்காக அமைந்த துளைகள் அவை. கிருமி அவற்றின் வழியே உள்ளே போய்விடாமல் அடைத்து நிற்பது அந்தப் படலம்.

நாம் என்ன செய்கிறோம்? எச்சம் ஒட்டியிருக்கிறது என்று குழாயடியில் பிடித்துக் கழுவி அடுக்குகிறோம். படலம் தண்ணீரோடு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, இளஞ்சூடான முட்டை குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் உள்ளே இருப்பது சுருங்கும். அந்தச் சுருக்கம் வெளியே இருக்கிற அழுக்குத் தண்ணீரைத் துளைகள் வழியே உள்ளே இழுக்கும். சுத்தம் செய்வதாக நினைத்து அழுக்கை உள்ளே அனுப்புகிறோம். அமெரிக்காவில் பண்ணையிலேயே முட்டையைக் கழுவிவிடுகிறார்கள். அதனால்தான் அங்கே கடை வரைக்கும் குளிரிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் கழுவுவதில்லை. ஆகவே கடையில் சாதாரண அலமாரியிலேயே வைத்து விற்கிறார்கள்.

அழுக்கு இருந்தால் காய்ந்த தேங்காய்த் தும்பால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். அதிகமாக ஒட்டியிருந்தால் அந்த முட்டையை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, அழுக்கே படாமல் பார்த்துக்கொள்வது. கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள். காலையும் மாலையும் முட்டையை எடுத்துவிடுங்கள். முட்டையிடும் இடத்திலேயே கோழி இரவு அடைய விடாதீர்கள். முட்டையில் ஒட்டும் எச்சத்தில் பெரும்பகுதி இரவில் விழுவதுதான்.

அடுத்தது சேவல். முட்டைக்காக மட்டும் கோழி வளர்க்கிறவர்களுக்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாவிட்டாலும் கோழி முட்டையிடும்; அந்த முட்டை கருக்கூடாத முட்டை. கருக்கூடிய முட்டையில் வெப்பம் இருபது டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும். நம் ஊரில் அந்த வெப்பம் இல்லாத நாள் எது? அடைக்குக் கொடுக்கிற முழு வெப்பமும் கிடைக்காமல், குளிர்ச்சியும் இல்லாமல், பாதியில் வளர்ந்து பாதியில் செத்துப்போகும் கருதான் பல வீடுகளில் கூமுட்டைக்குக் காரணம். விற்பனைக்குச் சேர்க்கிறவர்கள் சேவலைப் பிரித்து வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். பிரித்த பிறகும் ஓரிரு வாரங்களுக்குக் கருக்கூடிய முட்டை வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கே வைப்பது என்பது. இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வீசும் மாதங்களில் தோவாளைப் பக்கம் முட்டை சீக்கிரம் வற்றும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிவிடும். அதே மாதங்களில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால் மழையும் ஈரமும். அங்கே ஓட்டின் மேல் பூஞ்சை படரும். ஒரே மாவட்டம், இரண்டு எதிரிகள். ஆகவே எல்லோருக்கும் ஒரே வழியைச் சொல்வது சரியாகாது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நேயர்கள் பழைய முறையைப் பின்பற்றலாம். அகன்ற மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன் நடுவே சிறிய மண்பானையை வைத்து, பானைக்குள் முட்டையை அடுக்கி, வாயை மெல்லிய துணியால் மூடுங்கள். மணலில் தினமும் தண்ணீர் தெளித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். உலர்ந்த காற்று மணலின் ஈரத்தை உறிஞ்சும்போது பானை குளிரும். மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரக்காற்றில் இது பலிக்காது. தண்ணீர் ஆவியாகாமல் தேங்கி, முட்டைதான் நனையும். அங்கே உள்ளவர்களுக்குக் காற்றோட்டமான உறியோ, அடுப்புச் சூடு எட்டாத பரணில் ஓலைப்பெட்டியோ போதும். உமியில் புதைக்கிறவர்கள் உமி நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள். தவிடு வேண்டவே வேண்டாம். ஈரம் குடித்து நாற்றம் எடுக்கும்.

எங்கே வைத்தாலும் அகன்ற முனை மேலே இருக்கட்டும். காற்றறை மேலேயே தங்கும். மஞ்சள் கரு நடுவில் நிற்கும். கடலோர நேயர்களுக்கு இன்னொன்று. குளச்சலிலும் முட்டத்திலும் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே முட்டையை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்று புகும் துளை வழியே வாடையும் புகும். கருவாடு, வெங்காயம், மண்ணெண்ணெய் இவற்றுக்கு அருகில் முட்டை இருக்கக்கூடாது.

இப்படிப் பார்த்துக்கொண்டால் கழுவாத நல்ல முட்டை நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துளையை அடைக்க வேண்டும்.

எளிய வழி தேங்காய் எண்ணெய். முட்டையிட்ட அன்றே செய்ய வேண்டும். அடைக்க வேண்டியது நீரை மட்டுமல்ல, உள்ளிருந்து வெளியேறும் கரியமில வாயுவையும்தான். அந்த வாயு வெளியேற வெளியேறத்தான் வெள்ளைக்கரு நீர்த்துப்போகிறது. சிக்கு வாடை இல்லாத எண்ணெயில் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, ஓடு முழுவதும் படும்படி மெல்லியதாகப் பூசினால் போதும்.

இரண்டாவது வழி சுண்ணாம்பு நீர். கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் நெடுங்காலமாகச் சொல்லித் தருவது இது. சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் ஆறு லிட்டர், உப்பு கால் கிலோ. வீட்டுத் தேவைக்கு இதில் பாதி போதும். நம் ஊர்ச் சிப்பிச் சுண்ணாம்பே ஏற்றது. நீலமோ வேறு எதுவோ கலந்த வெள்ளையடிக்கும் பொடி கூடாது. மண்பானையில் தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதிக்கும், தெறிக்கும். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவியபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

ஆறிய பிறகு உப்பைக் கலக்கித் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரைத் துணியில் வடித்து எடுத்து, அதில் முட்டைகளை ஓர் இரவு, பதினான்கு முதல் பதினாறு மணி நேரம், மூழ்கவிடுங்கள். விடியற்காலையில் பார்த்தால் நீரின் மேல் மெல்லிய ஏடு படர்ந்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து உண்டாக்கிய கால்சியம் கார்பனேட் அது. முட்டை ஓடும் பெரும்பாலும் அதே பொருள்தான். அதுவேதான் துளைகளிலும் படிந்து அவற்றை அடைக்கிறது. எடுத்து நிழலில் உலர்த்தி வைத்தால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். குளிர்நாடுகளில் நிலவறையில் சுண்ணாம்பு நீரிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். நம் வெயிலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூழ்கவிடும் முன் இரண்டு முட்டைகளைக் காதருகில் வைத்து ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும்; விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக இருக்கும். விரிசல் விட்டதைத் தனியே எடுத்துவிடுங்கள். அடை வைக்கப்போகிற முட்டைக்கு எண்ணெயும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். உள்ளே குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பழகியவர்கள் உள்ளே வைத்த முட்டையைச் சமைக்கும் வரை உள்ளேயே வையுங்கள். வெளியே எடுத்தால் ஓட்டின் மேல் வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே போகும்.

முட்டையின் வயதை அறியத் தண்ணீரில் போடும் முறை உங்களுக்குத் தெரியும். படுத்தால் புதியது, அகன்ற முனை தூக்கினால் சில நாளானது, மிதந்தால் தூக்கிப் போட வேண்டியது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். தண்ணீர் சொல்வது வயதை. கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லாது. மேலும் எண்ணெயோ சுண்ணாம்போ ஏற்றிய முட்டையில் காற்றறை மெதுவாகவே வளரும்; வயதான முட்டையும் படுத்தே கிடக்கும். ஆகவே அவற்றின் மேல் பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள். தண்ணீரில் போட்ட முட்டையைத் திரும்ப அடுக்கி வைக்கவும் கூடாது.

நன்றாக அடைக்கப்பட்ட முட்டையை அவித்தால் ஓடு வெடிக்கலாம். அகன்ற முனையில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு அவியுங்கள். புது முட்டை போலவே தோலும் கையோடு வராது. அது கெட்டதன் அடையாளம் அல்ல. எத்தனை நாள் வைத்த முட்டையானாலும் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்த பிறகே மாவிலோ குழம்பிலோ சேருங்கள். வெளியே வைத்த முட்டையை அரைவேக்காடாகச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மஞ்சள் கரு முழுவதும் இறுகும்வரை வேகவைத்தே கொடுங்கள். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நன்றி. வணக்கம்.