வாளிக்குள் ஏறும் சூடு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பியர் கிட், அதாவது வீட்டில் பியர் தயாரிப்பதற்கான பாகு டப்பா ஒன்றை வாங்கி, அதனுடன் வந்த தாளில் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்து, நாற்பது பைன்ட், அதாவது சுமார் 23 லிட்டர் தயாரித்து, குடித்துப் பார்த்தபோது மோசமில்லை, ஆனாலும் ஏதோ குறைகிறது என்று நினைத்தவர்களுக்காக இன்று பேசுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு ஒரு காலத்தில் உரிமம் வேண்டியிருந்தது. நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதை நீக்கினார். இன்று வீட்டுத் தேவைக்கு எவரும் தயாரிக்கலாம். உரிய அனுமதிகள் இன்றி விற்க மட்டும் கூடாது.

அந்த டப்பாவில் இருப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பைப் பிரித்தெடுத்து, கசப்புக்காக ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்து, பிறகு நீரை வற்றச் செய்து பாகாக்கித் தருகிறார்கள். கடினமான வேலை முழுவதும் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு நல்ல குடியிருப்பை அமைத்துக் கொடுப்பது. ஆகவே, சுவை சரியில்லை என்றதும் விலை கூடிய டப்பாவைத் தேடிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. குறை பெரும்பாலும் டப்பாவில் இருப்பதில்லை; கரைசல் நொதிக்கும் வாளி எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இட்லி மாவு பொங்குவதற்காக, சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் பாத்திரத்தை வைப்பது வழக்கம். என் முதல் பியர் வாளியையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையில் மூடி உப்பி, நுரை விளிம்பு வழியாக வழிந்துகொண்டிருந்தது. இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிட்டதைப் பார்த்து, வேலை சுலபமாக முடிந்தது என்று மகிழ்ந்து, ஆறாம் நாள் புட்டியில் அடைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது, நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் வாசனை மூக்கில் ஏறியது.

இட்லி மாவுக்கு இதமாக இருக்கும் சூடு பியருக்கு ஆகாது. சூடு கூடினால் ஈஸ்ட் அவசர அவசரமாகப் பெருகி, காரமான வேறு ஆல்கஹால்களையும் பழ வாசனையும் கரைப்பான் நெடியும் தரும் எஸ்டர்களையும் அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. பல கிட்டுகளின் தாளில் 21 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது நொதித்தல் தடைபடாமல் சீக்கிரம் முடிவதற்கான கணக்கு, சுவைக்கான கணக்கு அல்ல. ஏல் எனப்படும் சாதாரண பியர் வகைக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான் பொருத்தம். அதையும் அறையின் வெப்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நொதித்தல் தானே சூட்டை உண்டாக்குவதால், மும்முரமான நாட்களில் வாளியின் உள்ளே அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். வாளியின் பக்கவாட்டில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை ஒன்றை வாங்கி ஒட்டுங்கள். வாளியை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, காலையும் மாலையும் உறைந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைப் போட்டுவந்தால், கோடைக் காலத்திலும் சூட்டை அடக்கி வைக்கலாம். முதல் மூன்று நான்கு நாட்களில் எடுக்கும் இந்தச் சிரமமே பியரின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

அடுத்தது ஈஸ்ட். 1883ஆம் ஆண்டு கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய பிறகுதான், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான பியரை நம்பித் தயாரிக்க முடிந்தது. அப்படிப்பட்ட ஈஸ்ட், டப்பா மூடியின் அடியில் ஐந்து அல்லது ஏழு கிராம் பொட்டலமாக, எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாத நிலையில் நம் கைக்கு வருகிறது. சுமார் 11 கிராம் கொண்ட நல்ல ஏல் ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைத் தனியாக வாங்கிப் பயன்படுத்துங்கள். செலவு சிறிது, பலன் பெரிது. தயிருக்கு உறை ஊற்றுகிறவர்கள் பால் ஆறும்வரை காத்திருப்பதைப் போல, கரைசல் 20 டிகிரிக்கு இறங்கிய பிறகே ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். தூவுவதற்கு முன் கரைசலை நன்றாக அடித்துக் கலக்கிக் காற்றேற்றுங்கள், ஏனென்றால் பெருகுவதற்கு ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை. நொதித்தல் தொடங்கிய பிறகோ நிலைமை தலைகீழ்: உள்ளே போகும் காற்று பியரை ஈர அட்டைப்பெட்டியின் சுவைக்குக் கொண்டுபோய்விடும்.

தாளில் இருக்கும் இன்னொரு வாசகம், ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும் என்பது. வெள்ளைச் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடுவதால், வாயில் நிற்கும் கனம் இல்லாமல் பியர் நீர்த்துப்போகிறது. அதற்குப் பதிலாக ஒரு கிலோ உலர்ந்த வெளிர் மால்ட் தூளைச் சேர்த்துப் பாருங்கள். நுரை நிற்பதிலேயே வித்தியாசம் தெரியும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். லண்டன் தண்ணீரின் கடினத்தன்மை, மால்ட்டை நாமே ஊறவைத்தால்தான் பெரிய விஷயம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மட்டும் மருத்துவமனை வாசனையைக் கொண்டுவரும். குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் போட்டால் 23 லிட்டருக்குத் தாராளமாகப் போதும். சுத்தம் பற்றி ஒரே ஒரு சொல்: கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு, இரண்டும் வேண்டும், பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், கீறலுக்குள் கிருமி குடியேறிவிடும்.

இனி, பொறுமை. அவசரப்பட்டு அடைத்த என் முதல் புட்டிகளில் இரண்டு, இரவில் வெடித்துச் சிதறின. மேலே நுரை அடங்கியதைப் பார்த்து நான் ஏமாந்தேனே தவிர, உள்ளே இனிப்பு இன்னும் மீதம் இருந்தது. பால்மானியைப் போன்றதுதான் ஹைட்ரோமீட்டர். கரைசலின் அடர்த்தியை, தண்ணீரை 1.000 என்று வைத்து, அது காட்டும். ஆரம்பத்தில் 1.038 இருந்து, முடிவில் 1.010க்கு வந்தால், ஆல்கஹால் ஏறத்தாழ 3.7 சதவீதம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாகவே இருந்தால் மட்டும் நொதித்தல் முடிந்தது என்று கொள்ளுங்கள். அதன் பிறகும் ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தால், ஈஸ்ட் தான் உண்டாக்கிய வெண்ணெய் வாசனையைத் தானே உண்டு தீர்த்துவிடும். அந்த வாரத்திலேயே கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் என்னும் வகை ஹாப்ஸ் 25 கிராமைத் துணிப்பையில் கட்டி மூன்று நாள் உள்ளே தொங்கவிட்டால், பாகாக வற்றியபோது பறந்துபோன நறுமணம் திரும்ப வரும்.

அடைக்கும்போது லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து மொத்தமாகக் கலந்துவிடுங்கள். புட்டிக்குப் புட்டி கரண்டியால் அளந்தால் அளவு தவறும். பழுப்பு நிறப் புட்டிகளையே எடுங்கள், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறத் தொடங்கும். முதல் இரண்டு வாரம் வீட்டுச் சூட்டிலும், பிறகு இரண்டு மூன்று வாரம் குளிர்ந்த இடத்திலும் நிறுத்தி வையுங்கள். ஊற்றும்போது கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக ஊற்றி, அடியில் படிந்திருக்கும் மங்கலான ஈஸ்ட் வண்டல் புட்டியின் கழுத்தை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசி விரற்கடை புட்டியிலேயே இருக்கட்டும்.