ஜிம்மி கார்ட்டரின் 77 ஆண்டு இல்லறம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜிம்மி கார்ட்டர் என்றதும் அமெரிக்க அதிபர், வேர்க்கடலை விவசாயி, நோபல் பரிசு பெற்றவர் என்றெல்லாம் உங்களுக்கு நினைவு வரும். எனக்கு அவர் ரோசலினின் கணவர். 2024 டிசம்பரில் நூறு வயது கடந்து அவர் மறைந்தபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். 1946 ஜூலையில் கல்யாணம். 2023 நவம்பரில் ரோசலின் கண்மூடும் வரை 77 ஆண்டுகள்!

இருவருக்கும் ஒரே ஊர், ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சிற்றூர். ரோசலின் பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்ஸ் யார் தெரியுமா? ஜிம்மியின் அம்மா லில்லியன். பின்னாளில், 70 வயதை நெருங்கும்போது, பம்பாய் விக்ரோலிக்கு வந்து நோயாளிகளைக் கவனித்த அம்மாள் அவர். அதற்குத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

கார்ட்டர் எடுத்த எடுப்பிலேயே நல்ல கணவராக இருந்துவிடவில்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். 1953இல் அப்பா புற்றுநோயில் இறந்ததும், கடற்படை வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விடுவது என்று தாமாகவே முடிவெடுத்துவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோசலினுக்கு வந்ததே ஆத்திரம்! நியூயார்க் மாநிலத்திலிருந்து ஜார்ஜியா வரை காரில் நெடும்பயணம். கணவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. வழியில் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் மூத்த பையன் ஜாக் மூலமாகத்தான் தகவல் போகும். நம் வீடுகளில் நடக்காததா இது? "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. அப்பா எதிரேதான் உட்கார்ந்திருப்பார்.

ஊருக்கு வந்தபின் கடலைக் கிடங்கின் கணக்கு வழக்கு ரோசலின் கைக்கு வந்தது. தொழிலின் வரவு செலவு கணவரைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்தது. மனைவியைக் கேட்டுச் செய்யும் பழக்கம் கார்ட்டருக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. வெள்ளை மாளிகையில் அமைச்சரவைக் கூட்டத்திலேயே ரோசலின் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

சண்டை நின்றுவிட்டதா? அதெப்படி நிற்கும்! பதவிக்குப்பின் இருவரும் சேர்ந்து புத்தகம் எழுதினார்கள். அதில் வந்த சண்டையில், எந்தப் பத்தி யார் எழுதியது என்று 'ஜே', 'ஆர்' போட்டுத்தான் அச்சுக்கு விட முடிந்தது.

இன்னொரு சண்டையைச் சொல்லியே ஆகவேண்டும். கார்ட்டர் நல்ல தச்சர். அந்தச் சண்டைக்குப்பின் தம் பட்டறைக்குப் போய், வால்நட் மரத்தில் ஒரு காசோலையின் நீள அகலத்தில் மெல்லிய பலகை ஒன்றை அறுத்தார். எந்த நாள் மாலையில் இதைக் காட்டினாலும், நான் மன்னிப்புக் கேட்கவோ மன்னிக்கவோ கடமைப்பட்டவன், எது என்பது உன் விருப்பம், இது என்றென்றைக்கும் செல்லும் என்ற பொருளில் அதில் எழுதி, தம் பெயரையும் போட்டு மனைவியிடம் கொடுத்தார். யார் முதலில் இறங்கி வருவது என்பதில்தானே பாதிச் சண்டை? அந்த முடிவை ரோசலின் கையில் கொடுத்துவிட்டார். 1953இல் ஒரு வார்த்தை கேட்காத அதே மனிதர்! மனைவி நீட்டியபோதெல்லாம் அது செல்லுபடியானதாக அவரே பின்னர் எழுதினார்.

தந்தையாக அவர் எப்படி என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். மூன்று மகன்கள், ஒரு மகள். மகள் ஏமி, அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் அப்பா 75 ஆண்டுகளுக்குமுன் எழுதிய காதல் கடிதத்தை வாசித்தார். மகன் சிப் பள்ளியில் லத்தீன் தேர்வில் தோற்றுவிட்டான். கார்ட்டருக்கும் லத்தீன் தெரியாது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பையனின் பாடப் புத்தகத்தை எடுத்துத் தாமே படித்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுதேர்வில் பையன் நல்ல மதிப்பெண் வாங்கினான். நன்றி, வணக்கம்.