கேள்வி எண்ணை மாற்றாதீர்கள்! மாடித்தோட்டக் கேள்வி–பதில் கோப்பு அப்டேட்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கத்தரி அறுவடை வீடியோ என்று சொல்லியிருந்தேன், அது ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு முன்னால் இதைப் பேசியே ஆக வேண்டும். அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

நம்முடைய கேள்வி–பதில் கோப்பில் 16ஆவது கேள்வி என்ன? தென்னை நார்க் கழிவைப் பையில் நிரப்புவதற்கு முன்னால் அலச வேண்டுமா என்பது. கண்டிப்பாக அலச வேண்டும், அதில் உப்பு இருக்கும். எப்படி அலசுவது என்பதற்கு, அதை விற்கிற ஒரு நிறுவனத்தின் கேள்வி–பதிலில் 9ஆம் எண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். படத்தோடு அருமையாக விளக்கியிருந்தார்கள். போன வாரம் அவர்கள் அதைப் புதுப்பித்தார்கள். மேலே நான்கு புதுக் கேள்விகளை நுழைத்து, ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் மறுபடி எண் போட்டுவிட்டார்கள். இப்போது 9ஆம் எண்ணில் இருப்பது, 'நார்க் கட்டி உடைந்து வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?' அலசுவது 13க்குப் போய்விட்டது. இரண்டு நாளாகக் கமெண்டில் எல்லோரும் என்னைக் கேட்கிறீர்கள், நார் அலசுவதற்கும் பணம் திரும்ப வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று!

ஒரு கேள்விக்கு எண் கொடுத்து வெளியே விட்டாகிவிட்டதா, அது அந்தக் கேள்விக்கே சொந்தம். அப்புறம் அதைத் தொடவே கூடாது. சென்னையில் வீட்டுக்கு வீடு 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்களே, எண்ணை மாற்றினால் அதுதான் கதி. எத்தனை வருடம் ஆனாலும் பழையதை அழிக்க முடியவில்லை.

இன்னும் மோசம், பழைய எண்ணில் வேறு விஷயம் வந்து உட்கார்வது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலை, அது சினிமா பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்த பிறகு, கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 103. புதிய சட்டத்தில் 302 இல்லாமல் போகவில்லை, அங்கே மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு இருக்கிறது. பழைய தீர்ப்பையும் புதிய வழக்கையும் ஒன்றாகப் படிக்கிறவர் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த முறை அரசியலமைப்புச் சட்டத்தில் இருப்பது. 2002இல் கல்வி உரிமையைச் சேர்த்தபோது 22ஐ 23 ஆக்கவில்லை. 21க்குப் பக்கத்தில் 21ஏ என்று வைத்தார்கள். சொத்துரிமை இருந்த 31ஐ 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கினார்கள், அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. இவ்வளவு திருத்தத்துக்குப் பிறகும் கடைசிப் பிரிவு அதே 395தான். எவ்வளவு அழகு!

நம் கோப்பிலும் அப்படித்தான். 14ஆம் கேள்வி, 'மிளகாய் இலை சுருள்கிறது, என்ன செய்வது?' அதற்கு ஒரே பதில் போதவில்லை. ஆகவே 14இல் இப்போது, இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், 14அ. கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன், 14ஆ. முதலாவதற்கு வேப்பெண்ணெய், இரண்டாவதற்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள். இதில் எண் மாறினால் விளையாட்டு இல்லை. கந்தகம் அடித்து இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் தெளித்தால் இலை கருகிவிடும்.

22ஐத் தேடுகிறவர்களுக்கு: தக்காளியின் அடி கறுப்பதற்கு முட்டை ஓடு போடலாமா என்ற அந்தக் கேள்வி 31இல் சேர்ந்துவிட்டது. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான் காரணம், தண்ணீரை ஒரே சீராக ஊற்ற வேண்டும். ஆனால் 22 என்ற எண் அங்கேயே இருக்கும், '31ஐப் பார்க்கவும்' என்ற ஒரு வரியோடு.

அட, முக்கியமானதைச் சொல்லவில்லையே! நீங்களும் இப்படிக் கோப்பு வைத்திருந்தால் தானாக எண் போடும் வசதியை முதலில் நிறுத்துங்கள். அது எனக்கு அறவே பிடிக்காது. நடுவில் ஒரு தடவை என்டர் தட்டினால் கீழே இருக்கிற எல்லா எண்ணும் நகர்ந்துவிடும். எண்ணைக் கையால் அடியுங்கள். பூச்சிக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால், அதைப் பொருளடக்கத்தில் செய்யுங்கள். பூச்சி: 6, 14, 47. எண் முன்பின்னாக இருந்தால் என்ன, தேடுகிறவருக்குக் கிடைக்கிறதா இல்லையா?

 

சரி, இப்போது கோப்பை அச்செடுத்து மாடியில் தொங்கவிடுவதற்கான லேமினேஷன். எங்கள் தெருமுனைக் கடையில் ஏ4 தாள் ஒன்றுக்கு 40 ரூபாய் கேட்டார். நாற்பது! பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அதே தாள், அதே தடிமன், 20 ரூபாய். 'அண்ணா, அங்கே இருபதுதானே' என்றால், 'அது சீக்கிரம் பிரிஞ்சுடும்மா' என்கிறார். போன மழையில் அந்த இருபது ரூபாய்த் தாள் தண்ணீர்த் தொட்டி மேலேயே தொங்கியது, ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை. இதோ பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பளபள என்று இருக்கிறதா? எண் மாறாததால் இந்த முறை 14 இருக்கிற பக்கத்தையும் 22 இருக்கிற பக்கத்தையும் மட்டும் மாற்றினேன். மொத்தச் செலவு 40 ரூபாய். அங்கே ஒரு தாளுக்குக் கேட்ட காசில் எனக்கு வேலையே முடிந்துவிட்டது!

இன்னொன்று, ஒவ்வொரு பதிலுக்கும் கீழே கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். அச்செடுத்து வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடிப்பட்டத்துக்கு அவரை, புடலைக் கேள்விகள் 58இல் தொடங்கும், அவை கடைசியில் தனிப் பக்கமாக வரும். 16இல் இனி அந்த நிறுவனத்தின் எண் இருக்காது, அலசும் முறையை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன்.