ரூபி ரிட்ஜ்: சட்டத்தை மீறியவரும் சட்டத்தை மீறிய அரசும்

(திரையில்: ஐடஹோ மாநிலத்தின் வடகோடி வரைபடம்)

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரில் பலர் மத்திய அரசின் அதிகாரிகளை ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்று கேட்டால், அவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ரூபி ரிட்ஜ். 1992 ஆகஸ்டில் அந்த மலைக்காட்டில் ஒரு மரவீட்டைச் சுற்றி 11 நாள் நீடித்த முற்றுகையில் மூன்று உயிர்கள் போயின. அதன் தொடக்கம் ஷாட்கன் எனப்படும் நீள்குழல் துப்பாக்கிகள் இரண்டு.

1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழலின் நீளம் 18 அங்குலத்துக்குக் குறைவான ஷாட்கன்னை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அன்றைய நிலவரப்படி 200 டாலர் வரியும் செலுத்த வேண்டும். கோட்டுக்குள் மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய ஆயுதத்தைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அது நியாயமற்ற விதி அல்ல. ரேண்டி வீவர் என்ற முன்னாள் ராணுவ வீரர், 1989 அக்டோபரில், பதிவு செய்யாமல் குழல் அறுக்கப்பட்ட இரண்டு ஷாட்கன்களை ஒருவருக்கு விற்றார். வாங்கியவர், துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் ஏ.டி.எஃப். அமைப்பின் உளவாளி.

வீவர் வெள்ளையர்கள் தனித்து வாழ வேண்டும் என்று நம்பியவர். ஆரியன் நேஷன்ஸ் என்னும் இனவெறி அமைப்பின் கூட்டங்களுக்கும் போய் வந்தவர். அந்தக் கொள்கை அருவருப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏ.டி.எஃப். அதிகாரிகள் அவரிடம் வைத்த கோரிக்கை வேறு வகையானது: அந்தக் கூட்டத்தாரைப் பற்றித் துப்புக் கொடுத்தால் வழக்கு இல்லை, மறுத்தால் வழக்கு. அவர் மறுத்தார். 1990 டிசம்பரில் குற்றச்சாட்டு பதிவானது.

1991 ஜனவரியில் அவர் கைதான விதம் கவனிக்கத்தக்கது. சாலையில் பழுதாகி நிற்பதுபோல் ஒரு வண்டியின் முன்மூடியைத் திறந்துவைத்து அதிகாரிகள் காத்திருந்தனர். மனைவியுடன் அவ்வழியே வந்த வீவர் உதவி செய்ய இறங்கியபோது பிடிபட்டார். ஜாமீன் கிடைத்தது. ஆனால் இனி அரசுத் தரப்பு சொல்லும் எதையும் நம்புவதில்லை என்று அவர் முடிவெடுக்க அந்தக் கைதே போதுமானதாக இருந்தது.

(திரையில்: மூன்று தேதிகள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன)

நீதிமன்றம் முதலில் குறித்த வாய்தா பிப்ரவரி 19. பிறகு அது பிப்ரவரி 20-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் நன்னடத்தை அதிகாரி வீவருக்கு அனுப்பிய கடிதத்தில் மார்ச் 20 என்று இருந்தது. பிப்ரவரி 20 அன்று அவர் வராததால் நீதிபதி பிடியாணை பிறப்பித்தார். கடிதத்தில் இருந்த நாள் வரும்வரை காத்திருந்து பார்த்திருக்கலாம். அதற்கு ஆறு நாள் முன்னதாகவே, மார்ச் 14 அன்று, வாய்தாவுக்கு வராத குற்றத்துக்காக அரசுத் தரப்பு, வழக்குத் தொடர ஆதாரம் போதுமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியிடம் புதிய குற்றச்சாட்டைப் பெற்றுவிட்டது. அந்தத் தவறான கடிதத்தைக் கிராண்ட் ஜூரிக்குக் காட்டவே இல்லை.

சரியான தேதி தெரிந்திருந்தாலும் வீவர் வந்திருக்க மாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு அவர் மலையை விட்டு இறங்காததைப் பார்த்தால் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. இருந்தும், தன் கடிதத்தில் உள்ள பிழையை மறைக்கும் அரசு, குடிமகனிடம் மட்டும் பிழையற்ற கீழ்ப்படிதலை எதிர்பார்ப்பது எப்படி?

1992 ஆகஸ்ட் 21 அன்று வேவு பார்க்க வந்த, பிடியாணைகளை நிறைவேற்றும் மத்திய அதிகாரிகளான மார்ஷல்களைக் கண்டு நாய் குரைத்ததில் மோதல் மூண்டது. முதலில் சுட்டவர் யார் என்பது இன்றுவரை சர்ச்சைதான். வில்லியம் டிகன் என்ற மார்ஷலும், வீவரின் 14 வயது மகனும் இறந்தனர். சக அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தியுடன் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் பணயக்கைதிகள் மீட்புப் படை வந்து சேர்ந்தது. வழக்கமாக அந்தப் படை உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே சுடலாம். இங்கே, வெளியே ஆயுதத்துடன் தெரியும் வயதுவந்த ஆண் எவரையும் சுடலாம், சுட வேண்டும் என்று தனி விதி வகுக்கப்பட்டது. மறுநாள், சரணடையச் சொல்லி ஒரு அறிவிப்புகூடச் செய்யப்படாத நிலையில், ஒரு ஸ்னைப்பர் இருமுறை சுட்டார். முதல் குண்டு வீவரைக் காயப்படுத்தியது. வீட்டுக்குள் ஓடிய வீவரின் நண்பரைக் குறிவைத்த இரண்டாவது குண்டு, கதவுக்குப் பின்னால் பத்து மாதக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற வீவரின் மனைவி விக்கியைக் கொன்றது.

1993 ஜூலையில் ஜூரி தீர்ப்பளித்தது. மார்ஷலைக் கொன்றதாகக் கூறப்பட்ட நண்பருக்கு முழு விடுதலை. வீவர், அந்த ஷாட்கன் வழக்கு உட்படப் பெரிய குற்றச்சாட்டுகள் அனைத்திலிருந்தும் விடுவிக்கப்பட்டு, வாய்தாவுக்கு வராததற்கும் ஜாமீன் நிபந்தனையை மீறியதற்கும் மட்டும் தண்டிக்கப்பட்டார்.

அதன் பிறகு அரசு செய்தவற்றில் சரியானவையும் உண்டு. 1995-இல் செனட் குழு வெளிப்படையாக விசாரித்தது. வீவர் குடும்பத்துக்கு 31 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. மத்திய அமைப்புகளுக்குப் பொதுவான சுடும் விதி கொண்டுவரப்பட்டது. முற்றுகை குறித்த உள்மதிப்பீட்டு அறிக்கையை அழித்த எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆனால் இவற்றுக்கு முன்பே 1993-இல் டெக்சாஸின் வேக்கோ அருகே ஒரு மதக் குழுவினரின் இருப்பிடத்தை மத்திய அதிகாரிகள் முற்றுகையிட்டதும் அது தீயில் முடிந்ததும் நிகழ்ந்து, நம்பிக்கையின்மை வெறுப்பாக முற்றிவிட்டிருந்தது. ரூபி ரிட்ஜ், வேக்கோ இரண்டையும் காரணம் காட்டி டிமதி மக்வே 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்றான். ரூபி ரிட்ஜில் அரசு செய்த எந்தத் தவறும் அந்தப் படுகொலைக்கு நியாயம் ஆகாது.

(திரையில்: துப்பாக்கிக் கடை, விண்ணப்பப் படிவம்)

இன்று ஒரு அமெரிக்கர் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும்போது, அவருடைய பின்னணியைச் சரிபார்ப்பது எஃப்.பி.ஐ. நடத்தும் அமைப்பு. அனுமதி கிடைத்தால், வாங்குபவரை அடையாளம் காட்டும் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது விதி. துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு ஒன்றை உருவாக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை விதிக்கிறது. அரசு தங்கள் வாசலுக்கு எப்படி வரும் என்ற அச்சம் நாடாளுமன்றம் வரை எட்டியதன் விளைவு இது. குற்றத் துப்பறிதலுக்கு இதனால் ஏற்படும் தடங்கல் சிறியதல்ல. ஆனாலும் அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்குவோர் மேலே சொன்ன மூன்று தேதிகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டாவது குண்டைச் சுட்டவர் மீது 1997-இல் பவுண்டரி மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். மத்திய அதிகாரி கடமையின்போது செய்த செயலுக்கு மாநிலம் தண்டிக்க முடியாது என்று கூறி, மத்திய நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே ஒரு நீதிபதியின் பெரும்பான்மையில், 6-க்கு 5 என்று, விசாரணை நடக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அதற்குள் மாவட்டத்தில் புதிய அரசு வழக்கறிஞர் பொறுப்பேற்றிருந்தார். அவர் வழக்கைக் கைவிட்டார். அந்தக் குண்டு சட்டப்படி சுடப்பட்டதா என்பதை எந்த ஜூரியும் இதுவரை தீர்மானிக்கவில்லை.