குன்றிமணியின் மூக்கு

வணக்கம் மக்களே. பின்னாடி கேட்கிற டக்கு டக்கு சத்தம் கொலுசுப் பட்டறை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாம்பழ சீசனில் ஒரு கடைக்காரர், "வா கண்ணு, உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். அப்படி ஒரு சிரிப்பு. "அகத்தின் அழகு முகத்தில் தெரியும், இவர்கிட்டயே வாங்கு" என்றார் அம்மா. வீட்டில் பெட்டியைப் பிரித்தால் மேல் வரிசை மட்டும்தான் மல்கோவா. வைக்கோலுக்கு அடியில் பாதி அழுகல். அம்மா அசரவே இல்லை. "வெளுத்ததெல்லாம் பாலாகுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். காலையில் ஒரு பழமொழி, சாயங்காலம் ஒன்று!

சரி, அம்மாவை விடுங்கள். வள்ளுவரே இரண்டு பக்கமும் பேசுகிறார். 706-வது குறளில், பக்கத்தில் இருப்பதைப் பளிங்கு காட்டுவதுபோல, நெஞ்சில் மிகுந்திருப்பதை முகம் காட்டிவிடும் என்கிறார். 277-இல் குன்றிமணியை எடுத்துக்கொள்கிறார். இதோ, கிட்டக் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... அண்ணனின் தாத்தா தங்கம் நிறுக்க வைத்திருந்த டப்பாவில் மிஞ்சியது. உடம்பெல்லாம் என்ன சிவப்பு! மூக்கில் மட்டும் மை தொட்டு வைத்த மாதிரி கருப்பு. வெளியே செம்மையாகத் தெரிந்து உள்ளே இப்படிக் கருத்தவர்களும் உலகத்தில் உண்டு என்கிறார். (இந்த விதை விஷம், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.)

முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் சொன்ன குறள் வருவது குறிப்பறிதல் அதிகாரத்தில். எதிரே இருப்பவருக்கு இப்போது கோபமா, சந்தோஷமா என்பதை முகம் சொல்லும். அந்தக் கடைக்காரருக்கும் அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷம்தான், ஏன் இருக்காது! குன்றிமணி வருவது கூடாவொழுக்கத்தில், அங்கே பேச்சு குணத்தைப் பற்றி. நாம்தான் மூஞ்சியைப் பார்த்துக் குணத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம்.

குணத்தை எதில் பார்ப்பது? 505-இல் 'கருமமே கட்டளைக் கல்' என்கிறார். கருமம் என்றால் செய்கிற செயல். கட்டளைக்கல் என்றால் உரைகல், தங்கத்தைத் தேய்த்துத் தரம் பார்க்கிற கல். அண்ணன் மேசையிலும் ஒன்று கிடக்கிறது, உள்ளங்கை அகலத்தில், கன்னங்கரேலென்று. பழைய நகையோடு வருபவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், இவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே அதில் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்.

அம்மா இந்த வருடமும் அதே மாம்பழக் கடைக்குத்தான் போனார். அவரும் அதே சிரிப்பு. அம்மாவும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே, "பெட்டியைக் கவுத்துக் காட்டு சாமி" என்றார்.